எலும்புக்குள் போன கட்டளை

1890-ல் பிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைமேல் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்த மொரோகோச்சா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருந்த சுரங்க ஊர். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் இடம். அங்கே போயும் அவர் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். கீழே லிமா நகரில் எண்ணியபோது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருந்தன. மலையில் மூன்று வாரம் கழித்து எண்ணினார். கணக்கு 80 லட்சத்தைத் தொட்டிருந்தது. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தது மூச்சு விடுபவருக்குத் தெரியும். எலும்புக்குள் அடைபட்டுக் கிடந்து சிவப்பணுக்களை உருவாக்கும் மஜ்ஜைக்கு அந்தச் செய்தியை யார் கொண்டுபோனது?

யாரும் கொண்டுபோகவில்லை என்பதுதான் அன்றைய மருத்துவ உலகின் பதில். ஆக்ஸிஜன் குறைந்தால் மஜ்ஜைக்கே மூச்சு முட்டும், உடனே அது தன் வேலையைத் தானே முடுக்கிக்கொள்ளும் என்று நம்பினார்கள். கேட்டவுடன் மனம் ஒப்பும் விளக்கம். பாரிஸில் இரண்டு பேருக்கு மட்டும் அது போதவில்லை.

ஒருவர் மருத்துவப் பேராசிரியர் பால் கார்னோ. மற்றவர் அவரோடு ஆய்வு செய்த குளோதில்த் தெஃப்லாந்த்ர். 1906-ல் இருவரும் ஒரு முயலிலிருந்து ரத்தத்தை வடித்து அதற்குச் சோகை வரவைத்தார்கள். பிறகு அந்த முயலின் ரத்த நீரைக் கொஞ்சம் எடுத்து, நல்ல நிலையில் இருந்த இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். இரண்டாவது முயலுக்கு ரத்த இழப்பு இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. ஆனாலும் அதன் சிவப்பணு எண்ணிக்கை ஏறியது என்று அறிவித்தார்கள். சோகை பிடித்த ரத்தத்தில் மஜ்ஜைக்கான தூது ஒன்று மிதக்கிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு ஹீமோபொயட்டின் என்று பெயரும் வைத்தார்கள். மற்ற ஆய்வகங்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தன. முயல்கள் மசியவில்லை.

காரணம் வெகுகாலம் கழித்தே புரிந்தது. பாரிஸ் சோதனையில் செலுத்திய ரத்த நீர் மிகக் கொஞ்சம். தூது வந்து சேர்ந்த பிறகு மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களை உருவாக்கி ரத்தத்தில் விடச் சில நாட்கள் பிடிக்கும். கார்னோவும் தெஃப்லாந்த்ரும் அதற்கு முன்பே எண்ணி முடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன முடிவு சரி, அதற்குக் காட்டிய ஆதாரம் பலவீனம். ஆதாரம் விழுந்தபோது முடிவும் கூடவே விழுந்தது. ஹீமோபொயட்டின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்புவாரின்றிக் கிடந்தது.

1948-ல் பின்லாந்தின் ஏவா போன்ஸ்டோர்ஃப், ஏவா யாலாவிஸ்டோ என்ற இரு பெண் ஆய்வாளர்கள் அந்தத் தூதுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள்: எரித்ரோபாய்ட்டின். பெயர் இருந்தது. பொருள் இருக்கிறதா என்பதற்கு மட்டும் உறுதியான சாட்சி இல்லை.

சாட்சி 1950-ல் ஒரு வினோதமான ஜோடி வடிவில் வந்தது. அமெரிக்காவில் கர்ட் ரைஸ்மான் இரண்டு எலிகளை அறுவை செய்து உடலோடு உடலாக இணைத்தார். ஒன்றின் ரத்தம் மெல்ல மற்றதற்குக் கசியும். ஓர் எலிக்கு மட்டும் ஆக்ஸிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தார். மற்றது சாதாரணக் காற்றைச் சுவாசித்தது. மஜ்ஜைக்கே மூச்சு முட்டுகிறது என்ற பழைய விளக்கம் உண்மையானால் முதல் எலியின் மஜ்ஜை மட்டும்தான் விழித்திருக்க வேண்டும். ரைஸ்மான் பார்த்தபோது இரண்டு எலிகளின் மஜ்ஜையும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆலன் எர்ஸ்லெவ் பாரிஸ் முயல்களைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த முறை கை தாராளமாக இருந்தது. சோகை பிடித்த முயல்களின் பிளாஸ்மாவை அதிக அளவில் செலுத்தி, பொறுமையாகக் காத்திருந்து, மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்களை எண்ணினார். அவை பெருகியிருந்தன. இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தால் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் சோகைக்கு மருந்தாகலாம் என்று 1953-லேயே எழுதியும் வைத்தார். பிரித்தெடுக்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

அந்த ஆள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1955-ல் அங்கே ரத்தவியல் மேதை லியோன் ஜேக்கப்சன், இளம் உயிர்வேதியியலாளர் யூஜின் கோல்ட்வாசரை அழைத்து, எரித்ரோபாய்ட்டினைத் தூய்மையாகப் பிரித்துத் தரும்படி சொன்னார். சில மாத வேலை என்று கோல்ட்வாசர் நினைத்தார். வேலை முடிந்தபோது அவர் தலை நரைக்கும் வயதுக்கு வந்திருந்தார்.

முதலில், அந்தப் பொருள் உடலில் எங்கே சுரக்கிறது என்றே தெரியவில்லை. சிகாகோ குழு எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்தது. பிட்யூட்டரியை எடுத்தார்கள், தூது வந்தது. தைராய்டை எடுத்தார்கள், வந்தது. மண்ணீரலை எடுத்தார்கள், அப்போதும் வந்தது. கடைசியில் சிறுநீரகங்களை எடுத்தபோது மட்டும் சத்தமே இல்லை. 1957-ல் வெளியான இந்த முடிவு பலரை வியக்கவைத்தது. கழிவு வடிகட்டும் உறுப்பு என்றே பெரும்பாலும் அறியப்பட்டிருந்த சிறுநீரகம்தான் ரத்தம் ஊறச் சொல்லிக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் கெட்டவர்கள் ஏன் வெளுத்துப் போகிறார்கள் என்ற பழைய புதிரும் அதோடு அவிழ்ந்தது. ஆனால் பொருள் இன்னும் கைக்கு வரவில்லை.

கோல்ட்வாசர் ஆடுகளிடம் போனார். செம்மறியாடுகளுக்கு ரசாயனம் செலுத்தி, சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை வரவைப்பார்கள். இறைச்சிக்கூடத்தில் அவற்றின் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதிலிருந்து படிப்படியாக வடித்த ஒவ்வொரு துளியிலும் மருந்து இருக்கிறதா என்று அறிய எலிகளுக்குச் செலுத்தி, கதிரியக்க இரும்பு எவ்வளவு புதுச் சிவப்பணுக்களில் ஏறுகிறது என்று அளப்பார்கள். ஆண்டுகள் பத்து கடந்தன, பதினைந்து கடந்தன. 1971-ல் ஆட்டு எரித்ரோபாய்ட்டின் தூய வடிவில் கிடைத்தது. கிடைத்த அளவை வைத்து எதுவும் செய்ய முடியாது. அப்போதுதான் ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

எழுதியவர் குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் தகாஜி மியாகே. அவருடைய நோயாளிகளில் மஜ்ஜையே செயலிழந்த ஒரு வகைச் சோகைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களின் சிறுநீரகம் நன்றாகவே இருக்கும். ரத்தம் போதவில்லை என்று அது கட்டளைமேல் கட்டளை அனுப்பும். மஜ்ஜையிடமிருந்து பதில் வராது. கேட்பாரற்ற கட்டளை ரத்தத்தில் பெருகிச் சிறுநீரில் வழியும். மியாகே அந்தச் சிறுநீரைச் சேகரிக்கத் தொடங்கினார். மொத்தம் 2,550 லிட்டர் சேர்ந்தது. அதை உலர்த்திப் பொடியாக்கி, 1975 இறுதியில், பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலமாகச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். இருபது ஆண்டுத் தவிப்பின் முடிவு அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

மியாகே, கோல்ட்வாசர், அவர் ஆய்வகத்தின் சார்லஸ் கங் மூவரும் ஏழு கட்டங்களாக அதைச் சுத்திகரித்தார்கள். 1977-ல் முடிவு அச்சேறியது. 2,550 லிட்டரிலிருந்து மிஞ்சிய தூய மனித எரித்ரோபாய்ட்டின் சுமார் 8 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. உலகத்துச் சிறுநீரக நோயாளிகள் அத்தனை பேருக்கும் மருந்து வேண்டும். கையில் இருப்பதோ ஒரு நோயாளிக்கே வெகுநாள் வராது.

மருந்தைப் பெருக்க ஒரே வழி, அதைச் செய்யும் மரபணுவைப் பிடிப்பது. 1980-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆம்ஜென் என்ற சிறு நிறுவனம் அந்த வேட்டையில் இறங்கியது. கோல்ட்வாசர் தன் அரிய சேமிப்பிலிருந்து அவர்களுக்குக் கொடுத்தார். வேலை தைவானில் பிறந்த ஃபூ-குவென் லின்னிடம் வந்தது. புரதத்தின் சில துண்டுகளின் அமினோ அமில வரிசை மட்டுமே அவருக்குத் தெரியும். ஒரே அமினோ அமிலத்தை மரபணுவில் பல விதமாக எழுத முடியும் என்பதால், ஒரு சின்னத் துண்டுக்கே 128 சாத்தியங்கள் இருந்தன. லின் 128-ஐயும் டிஎன்ஏ துண்டுகளாகச் செய்தார். இன்னொரு துண்டுக்கும் அப்படியே 128 செய்தார். மனித மரபணுத் தொகுதி முழுவதிலும் இரண்டும் ஒருசேர ஒட்டும் இடத்தைத் தேடினார். முடியாத காரியம் என்று பலரும் கருதிய அந்தத் தேடல் 1983-ல் பலித்தது. அடுத்த முட்டுக்கட்டை எங்கிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அது சர்க்கரை வடிவில் வந்தது. எரித்ரோபாய்ட்டினின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம், புரதத்தின்மேல் போர்த்திய சர்க்கரைச் சங்கிலிகள். அவை இல்லாத மருந்து உடலில் நிலைக்காமல் சீக்கிரமே வெளியேறிவிடும். இன்சுலின் செய்து கொடுத்த பாக்டீரியாவுக்கு அந்தச் சர்க்கரை வேலை தெரியாது. ஆகவே மரபணுவைச் சீன ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கின் சினைப்பைச் செல்களில் பொருத்தினார்கள். அவை சர்க்கரையோடு சேர்த்தே மருந்தைச் சுரந்தன. இனி மனித உடல் அதை ஏற்குமா என்பது மட்டுமே பாக்கி.

சியாட்டிலில் ஜோசப் எஷ்பாக், ஜான் ஆடம்சன் ஆகியோரின் குழு, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 25 பேருக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. டயாலிசிஸ் இயந்திரம் கழிவை அகற்றும். ரத்தம் ஊறச் சொல்லும் கட்டளையை அதனால் கொடுக்க முடியாது. அதனால் அந்த நோயாளிகளில் பலர் பிறர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். உடலில் இரும்பு குவிந்தது. மஞ்சள்காமாலைக் கிருமிகள் தொற்றின. பிறர் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருட்கள் பெருகியதால் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதும் கடினமானது. 1987 ஜனவரியில் சியாட்டில் குழு முடிவை வெளியிட்டது. பலன் தரும் அளவில் மருந்து பெற்றவர்கள் 18 பேர். அவர்களில் முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த 12 பேருக்கு அதன் பிறகு அந்தத் தேவையே வரவில்லை. 1989 ஜூனில் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி தந்தது. கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த மருந்து மஜ்ஜைச் செல்லிடம் என்ன சொல்கிறது, செல் அதை எப்படிக் கேட்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அதே 1989-ல்தான் செல்லின் காது கிடைத்தது. அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வகத்தில் ஹார்வி லோடிஷின் குழுவில் இருந்த ஆலன் டி'ஆண்ட்ரியா, எரித்ரோபாய்ட்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவைப் பிடித்தார். செல்லின் மேலுறையில் குத்தி நிற்கும் புரதம் அது. தலை வெளியே, வால் உள்ளே. இன்சுலின் போன்றவற்றின் ஏற்பிகளில் உள்வால் ஒரு நொதியாக வேலை செய்யும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. வெளியே தூது வந்து ஒட்டினால் உள்ளே இருக்கும் நொதி விழித்து, அக்கம்பக்கத்துப் புரதங்கள்மேல் பாஸ்பேட்டைப் பதிக்கும். அதுவே செல்லுக்குள் செய்தி போகும் முறை. எரித்ரோபாய்ட்டின் ஏற்பியின் வாலிலும் அதே நொதியைத் தேடினார்கள். வால் வெறுமையாக இருந்தது.

செய்தி உள்ளே போகிறது, கொண்டுபோகும் ஆள் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு நடுவே 1990-ல் மார்க் கௌரி, மாரிஸ் போண்டுரன்ட் இருவரும் இன்னொரு வியப்பைச் சேர்த்தார்கள். எரித்ரோபாய்ட்டின் சிவப்பணுக்களைப் பிறப்பிக்கிறது என்றே அதுவரை பேசிவந்தார்கள். நாஷ்வில்லில் அவர்கள் பார்த்தது வேறு. சிவப்பணுவாக மாறப்போகும் முன்னோடிச் செல்கள் மஜ்ஜையில் எப்போதும் தேவைக்கு மேல் பிறந்துகொண்டே இருக்கின்றன. தூது கிடைக்காத செல்கள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே துண்டாடிக்கொண்டு மடிகின்றன. கிடைத்தவை பிழைத்துச் சிவப்பணுவாக வளர்கின்றன. எண்பத்து நான்கு ஆண்டுகளாகத் தேடிய கட்டளையின் வாசகம் 'சாகாதே' என்பதுதான். அதை உள்ளே எடுத்துச் சென்ற கை யாருடையது?

அந்தக் கை ஏற்கெனவே மெல்போர்னில் ஓர் ஆய்வகத்தில் கிடைத்திருந்தது. ஆண்ட்ரூ வில்க்ஸ் பாஸ்பேட் பதிக்கும் நொதிகளைக் கூட்டமாகச் சலித்தெடுத்தபோது அகப்பட்ட ஒரு குடும்பம் அது. ஜாக் என்று பெயர் பெற்ற அந்த நொதிகளுக்கு என்ன வேலை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1993-ல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஐலின் குழு, அந்தக் குடும்பத்தின் ஜாக்2, எரித்ரோபாய்ட்டின் ஏற்பியின் வெறுமையான வாலோடு ஒட்டி நிற்பதைக் கண்டது. ஏற்பிக்குச் சொந்த நொதி இல்லை. ஆனால் கூடவே ஒரு துணையை வைத்திருந்தது.

அதன் பிறகு சங்கிலி மளமளவென்று துலங்கியது. எரித்ரோபாய்ட்டின் தன் இரு பக்கங்களாலும் இரண்டு ஏற்பிகளைப் பிடித்துச் சரியான கோணத்தில் நெருக்கி நிறுத்துகிறது. அவற்றின் வால்களில் ஒட்டியிருக்கும் இரண்டு ஜாக்2 நொதிகளும் நேருக்கு நேர் வந்து ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட் பதித்து விழித்துக்கொள்கின்றன. பிறகு ஏற்பியின் வாலிலும் பதிக்கின்றன. அந்த இடங்களில் ஸ்டாட்5 என்ற புரதம் வந்து அமர்ந்து, தானும் ஒரு பாஸ்பேட் வாங்கிக்கொண்டு, ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே செல்லைச் சாவிலிருந்து காக்கும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தின் மரபணு முடுக்கப்படுகிறது. மேலுறையில் தொடங்கிய தொடுகை சில நிமிடங்களில் மரபணுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தொடங்கி வைப்பது இப்படி. நிறுத்துவது யார் என்ற கேள்விக்குப் பின்லாந்தின் பனியில் ஒரு மனிதர் பதிலாக நின்றார்.

ஏரோ மான்டிரான்டா. 1964 இன்ஸ்ப்ரக் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டங்களில் தங்கம் வென்ற வீரர். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்ற சந்தேகம் பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. ஆல்பர்ட் டி லா ஷப்பெல்லின் குழு அவர் குடும்பத்தை ஆராய்ந்து 1993-ல் விடை சொன்னது. அவருக்கும் அவர் உறவினர் பலருக்கும் எரித்ரோபாய்ட்டின் ஏற்பியின் வாலில் கடைசி 70 அமினோ அமிலங்கள் இல்லாமலே பிறவி அமைந்திருந்தது. 1995-ல் லோடிஷ் ஆய்வகம் அதன் பொருளை விளக்கியது. ஜாக்2-வை அணைக்கும் நொதி வந்து அமரும் இடம் அந்த வால் நுனிதான். மான்டிரான்டாவின் செல்களில் கட்டளை வழக்கம்போல் தொடங்கியது, சீக்கிரம் அணையவில்லை. அவர் மேல் இருந்த பழி முப்பது ஆண்டு கழித்து நீங்கியது. அதே கோளாறு ஜாக்2-வில் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் நின்றது.

ரத்தம் தேவைக்கு மேல் பெருகிக் குழம்பாகும் ஒரு நோய் உண்டு. அந்த நோயாளிகளின் மஜ்ஜைச் செல்கள் எரித்ரோபாய்ட்டின் துளியும் சேர்க்காமலே வளர்வதை 1974-லேயே டொராண்டோவில் கண்டிருந்தார்கள். கட்டளை வராமலே கட்டளைக்குப் பணிந்தது எப்படி என்று முப்பது ஆண்டுகள் புரியவில்லை. 2005-ல் பிரான்சில் வில்லியம் வான்ஷெங்கரின் குழு உட்பட நான்கு குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விடை கண்டன. ஜாக்2-வின் 617-வது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தில் நொதியின் கடிவாளம் கழன்றுவிடுகிறது. ஜாக்2-வை அடக்கும் முதல் மாத்திரைக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. கட்டளையைத் தேடிப் போன பாதை, கட்டளையை அடக்கும் மருந்தையும் கொண்டுவந்து கொடுத்தது.

மஜ்ஜையில் இன்றும் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. சிறுநீரகம் சுருங்கியவர்களுக்கு அந்தப் பிறப்பை நடத்தித் தருவது ஒரு சின்ன ஊசி. மதுரையோ லிமாவோ, டயாலிசிஸ் நடக்கும் இடமெல்லாம் குளிர்பதனப் பெட்டியில் அது இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகிறது. வாரத்தில் சில முறை டயாலிசிஸ் முடியும் வேளையில் செவிலியர் அதைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். ரத்தம் ஊறுவதற்கான ஊசி என்பதற்கு மேல் நோயாளியின் வீட்டார் அதைப் பற்றி யோசிப்பதில்லை. கார்னோவின் முயல்களும், மியாகேவின் பொட்டலமும், லின்னின் 128 துண்டுகளும் அந்த ஊசிக்குள்தான் இருக்கின்றன.

ஊசி வந்த பிறகும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. ரத்தம் கூடக்கூட நல்லது என்று எண்ணி, ஹீமோகுளோபினைச் சாதாரண மனிதர் அளவுக்கே ஏற்றிப் பார்த்தார்கள். 2006-லும் 2009-லும் வெளியான பெரிய ஆய்வுகளில் அப்படி ஏற்றப்பட்டவர்களிடம் இதயச் சிக்கல்களும் பக்கவாதமும் அதிகம் தென்பட்டன. அதனால்தான் மருத்துவர்கள் இப்போது ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள், சில சமயம் நிறுத்தியும் வைக்கிறார்கள். நல்ல சிறுநீரகமும் நல்ல ஏற்பியும் சேர்ந்து ஓயாமல் செய்துவந்த அளவுக் கணக்கு அது. அந்தக் கணக்கைப் பொறுப்போடு போட்டால், படியேற முடியாமல் மூச்சிரைத்த ஒருவர் திரும்பவும் வேலைக்குப் போகிறார். சிகாகோவில் சில மாதம் என்று தொடங்கி இருபது ஆண்டு நீண்ட பொறுமைக்குக் கிடைத்த கூலி அதுதான்.